விதைத்த வயலில் புறா வேட்டை: பயன் எது, வீண் எது?

விதைத்த வயலில் பறவைக் கூட்டம் இறங்குவதைக் கண்டு மனம் பதையாத குடியானவர் எந்நாட்டிலும் இலர். இங்கிலாந்தில் இக்கவலை பெரும்பாலும் மரப்புறாவினால் உண்டாகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வசந்த கால விதைப்பு நடைபெறும்போது அதனைச் சுட்டு விரட்டும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வழக்கத்தின் பயனையும் பயனின்மையையும் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்வது நலம்.

மரப்புறா மாடப்புறாவைவிடப் பெரியது. சுமார் 500 கிராம் எடையுள்ளது. கழுத்தின் இருபுறமும் வெண்திட்டும், சிறகில் வெண்பட்டையும் உடையது. பிரிட்டனில் ஏறத்தாழ 50 லட்சம் ஜோடிகள் உள்ளன. 1970-க்குப் பின், குளிர்காலத்திலும் பசுமையாய் நிற்கும் ரேப் என்னும் கடுகினப் பயிர் பரவியது. முன்பு அக்காலத்தில் பட்டினியால் மடிந்த பறவைகளுக்கு இதனால் இரை கிடைத்தது. அவற்றின் தொகையும் பெருகிற்று.

இப்புறா, காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவையைப் போல் மண்ணைக் கிளறி விதையைத் தோண்டுவதில்லை. மேலே கிடக்கும் மணிகளையே பொறுக்கும். ஆகையால் பார்லி வயலில் நன்றாய் மூடப்பட்ட விதை பெரும்பாலும் தப்பிவிடும். விதைப்பு இயந்திரம் திரும்பும் ஓரங்களில் சிந்திய மணிகளே கூட்டத்தை வரவழைக்கின்றன. பட்டாணியின் நிலைமை வேறு. வெளியே கிடக்கும் விதை போவதோடு, முளைத்தெழும் குருத்தும் கொத்தப்படும். கொத்தப்பட்ட செடி பிந்தி வளர்வதால் வயல் ஒரே சீராய் முற்றுவதில்லை. பச்சைப் பட்டாணியைக் குறித்த பருவத்தில் அறுக்க வேண்டியவருக்கு இது பெருநஷ்டமாகும்.

அனுபவமுள்ளோர் முதலில் துப்பாக்கியை எடாமல், புறாக்கள் எவ்வழியாய் வந்து எங்கே இறங்குகின்றன என்பதையே கவனிப்பர். பின்பு வேலியோரத்தில் வலையும் தழையும் கொண்டு மறைவிடம் அமைப்பர். அதன் முன் சுமார் 20 கஜ தூரத்தில், பொம்மைகளையோ செத்த புறாக்களையோ பார்வைப் புறாக்களாகக் காற்றை நோக்கிய வண்ணம் குதிரை லாட வடிவில் வைத்து, நடுவே வெற்றிடம் விடுவர். காற்றை எதிர்த்து இறங்கும் புறா அவ்விடத்தை நாடி வருகையில் சுடப்படும். அந்நாட்டு வயல்களினூடே பொதுஜன நடைபாதைகள் செல்வதால், குறிக்கு அப்பால் ஆளில்லை என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் சுடுதல் ஆகாது.

இவ்வாறு ஒரே நாளில் நூறு புறாக்களுக்குமேல் வீழ்த்துவோர் உண்டு. அதனால் மொத்தத் தொகை குறைந்ததா? 1950-களில் பிரிட்டிஷ் சர்க்கார் தோட்டா விலையில் பாதியைத் தானே ஏற்றுச் சுடுதலை ஊக்குவித்தது. கேம்பிரிட்ஜ்ஷயரில் மரப்புறாவைப் பல்லாண்டு ஆராய்ந்த ஆர். கே. மர்ட்டன் என்னும் பறவையியல் நிபுணர், தம் துணைவர் இருவருடன் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் வேறு முடிவைக் கண்டார். குளிர்காலத்தில் சுடுவதனால் மொத்தச் சாவு அதிகரிக்கவில்லை. சுடப்படாதிருப்பினும் குளோவர் என்னும் தீவனப் பயிரின் இலை குறைந்தபோது அத்தனை பறவைகள் எப்படியும் மடிந்திருக்கும். சுட்டபின் எஞ்சியவற்றிற்கோ பங்கு இரை கூடிற்று. செலவான தோட்டாவால் புறாவின் தொகை குறையவில்லை.

சட்டமும் இக்கருத்தையே ஒட்டியது. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் காட்டுப் பறவைகள் பொதுவாகப் பாதுகாக்கப்பட்டவை. பயிருக்குக் கடுஞ்சேதம் நேராமல் தடுப்பதற்கெனப் பொது லைசென்சின்கீழ் மரப்புறாவைச் சுடலாம். பிற வழிகளையும் கையாள முயன்றிருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 25-இல், சட்ட ஆட்சேபணை காரணமாக இங்கிலாந்தில் முன்னிருந்த லைசென்சுகள் ரத்தாயின. விதைப்புக் காலமாதலால் குடியானவர்கள் பெரிதும் முறையிட்டனர். மே மாதத்தில் புதிய லைசென்ஸ் வந்தது. எத்தனை புறா இருக்கலாம் என்பதன்று, எப்பயிருக்கு எப்போது ஆபத்து என்பதே சட்டம் கேட்கும் கேள்வி.

ஆகவே கவனிக்கத்தக்கவை இவை:

1. விதையை உரிய ஆழத்தில் இட்டு நன்றாய் மூடுக. ஓரங்களில் சிந்திய மணிகளை மண்ணில் மறைத்துவிடுக.

2. விதைத்த அன்றே காவலைத் தொடங்குக. இரை கண்டு பழகிய கூட்டத்தைக் கலைப்பது கடினம்.

3. வெருளிப் பொம்மையையும் வெடியொலிக் கருவியையும் அடிக்கடி இடம் மாற்றுக. ஒரே இடத்தில் நின்றால் பறவை அஞ்சுவதை விட்டுவிடும்.

4. சுடுவதாயின் ஆபத்துள்ள வயலில், ஆபத்துள்ள நாட்களில், சட்டம் அனுமதிக்கும் அளவில் சுடுக. அவ்வயலைவிட்டுக் கூட்டம் அகல்வதே அதன் பலன்.

வேட்டை முடிந்தபின் விழுந்த புறாக்களை எண்ணுவது எளிது. வயலில் இறங்கி, எஞ்சி நிற்கும் முளைகளை எண்ணிப் பார்ப்பவரே தம் செலவின் பயனை அறிவார்.