பிரெஞ்சு பேசும் பட்டாளம்

பிறர் மொழி கோலோச்சும் படையொன்றிலே, தன் மொழி பேசுவோரோடு தோள் சேர்ந்து நின்று போரிட வேண்டுமென ஒருவன் விரும்புவது இயல்பே. ஆனால் பிரித்தானிய முடியின் கீழிருந்த கனடாவில் இவ்வியல்பான விருப்பம் பெரும் அரசியலாயிற்று. அவ்வரசியலின் தழும்புகள் அனைத்தையும் தாங்கி நிற்பது மொன்றியல் நகரத்துப் ‘பியூசிலியே மோன்-றுவயால்’ என்னும் தொண்டர் காலாட்படை.

1869ஆம் ஆண்டிலே தோன்றியது இது. அறுபத்தைந்தாம் பட்டாளம் என்பது அதன் முதற்காலத்துப் பெயர்களுள் ஒன்று. இன்றைய பெயர் 1931இல் வாய்த்தது. முழுநேரப் படையன்று. எழுதுவினைஞரும் தொழிலாளரும் மாணவரும் தத்தம் அலுவல் முடிந்த பின் பயிற்சிக்குக் கூடுவர். நாடு அழைத்தால் புறப்படுவர். ‘ஒருபோதும் பின்வாங்கோம்’ என்ற பொருள்படும் இலத்தீன் தொடர் அவர்தம் இலச்சினையில் உண்டு.

முதற் சோதனை 1885இல் வந்தது. மேற்கே சஸ்கச்சுவான் சமவெளியில், பிரெஞ்சுத் தந்தையருக்கும் பூர்வகுடித் தாயருக்கும் வழித்தோன்றிய மெற்றிஸ் மக்கள் லூயி றியேலின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். றியேல் பிரெஞ்சு பேசுபவர், கத்தோலிக்கர், போதாக்குறைக்கு மொன்றியலிலேயே கல்வி கற்றவர். அவரை அடக்கச் செல்லும் படையிலே மொன்றியலின் பிரெஞ்சு இளைஞர்களும் சேர்க்கப்பட்டனர். இவர்கள் தம்மினத்தார்மீது துப்பாக்கி நீட்டுவார்களா என்ற ஐயம் அன்று எழாமலில்லை. எனினும், றியேலின் மக்கள் போரிட்ட பட்டோஷ் களத்துக்கு இவர்கள் அனுப்பப்படவில்லை. கல்கரி, எட்மன்டன் வழியே ஜெனரல் ஸ்ற்றேஞ்சின் படையுடன் சென்று, மே 28இல் ‘பிரெஞ்சுமன்ஸ் பியூட்’ என்னுமிடத்தில் கிறீ மக்களோடு பொருதினர். நெருக்கடி இவ்வாறு தவிர்ந்தது என எண்ணியோர் ஏமாந்தனர். நவம்பர் 16இல் றியேல் தூக்கிலிடப்பட்டார். போருக்குச் சென்று மீண்டவர்களின் அதே நகரத்தில் ஆயிரமாயிரம் மக்கள் திரண்டு அச்செயலைக் கண்டித்தனர். அவ்விளைஞர்தம் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்!

முதலாம் உலகப் போரிலே பிரெஞ்சுக் கனேடியருக்கெனக் களத்திலிருந்த காலாட் பட்டாளம் ஒன்றே, அது இருபத்திரண்டாவது. கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் 1917இல் வந்ததும் கியூபெக் கொதித்தது. மறு ஆண்டு ஈஸ்டர் நாட்களில் கியூபெக் நகரத் தெருக்களிற் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்நினைவு ஒரு தலைமுறையோடு மறையவில்லை.

ஆகவே 1942 ஏப்ரல் 27இல், கட்டாயச் சேர்ப்பில்லை என்ற வாக்குறுதியிலிருந்து தன்னை விடுவிக்குமாறு அரசு மக்களின் தீர்ப்பை வேண்டியபோது, கியூபெக்கில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் ‘இல்லை’ என்றனர். ஏனைய மாகாணங்கள் ‘ஆம்’ என்றன. பிரெஞ்சுக் கனேடியர் கோழைகள் என்ற ஏச்சு எளிதிற் பிறந்தது. ஆனால் 1939 செப்டெம்பரிலேயே அழைப்பையேற்றுப் புறப்பட்ட பியூசிலியேக்கள், ஐஸ்லாந்திற் காவலிருந்துவிட்டு, இங்கிலாந்திலே காத்துக்கொண்டிருந்தனர். கட்டாயப்படுத்தப்படுவதை வெறுப்பவனும் தானே விரும்பிச் செல்பவனும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும் என்பதை ஏசியவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்கு திங்கள் கழியுமுன், ஆகஸ்ட் 19இல், பிரான்சின் டியெப் துறைமுகத்தின்மீது தாக்குதல் நிகழ்ந்தது. கலந்துகொண்ட ஆறு கனேடியக் காலாட் பட்டாளங்களுள் பிரெஞ்சு பேசியது இதுவொன்றே. இவர்கள் கடலிலே காத்திருந்த சேமப்படை. முதலிற் கரையேறிய எசெக்ஸ் ஸ்கொட்டிஷ் பட்டாளத்தினருள் ஒரு சிலரே நகருக்குட் புகுந்தனர். மற்றையோர் கடற்கரையில் மடிந்துகொண்டிருந்தனர். ஆனால் கப்பலிலிருந்த தளபதி றொபேர்ட்ஸுக்குக் கிடைத்த செய்தி, அப்பட்டாளமே நகருக்குள் நுழைந்துவிட்டதென்ற மயக்கத்தைத் தந்தது. வெற்றியை வலுப்படுத்துவதாக எண்ணி அவர் சேமப்படையை ஏவினார். காலை ஏழு மணியளவில், 26 மரப்படகுகளில், புகைத்திரையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தவர்களை ஜேர்மன் துப்பாக்கிகள் எதிர்கொண்டன. பலர் செங்குத்தான பாறையடியில் ஒதுங்கி, அசையவும் இயலாது கிடந்தனர்.

சார்ஜன் டியூபக் என்பவர் சிறு குழுவொன்றுடன் நகருக்குட் புகுந்து, ரவை தீர்ந்தபின் பிடிபட்டார். உள்ளாடை தவிர மற்றெல்லாவற்றையும் களையச் செய்தனர் பகைவர். காவலனைக் கொன்றுவிட்டு, அக்கோலத்திலேயே தெருக்களினூடாக ஓடிக் கடற்கரை சேர்ந்தார் அவர். பட்டாளத்தின் தலைவர் லெப்டினன்ட் கேர்ணல் டொலார் மெனாருக்கு வயது இருபத்தொன்பது. ஐந்து முறை காயமுற்றும் உயிருடன் மீட்கப்பட்டார். புறப்பட்டவர் 584 பேர். இங்கிலாந்துக்குத் திரும்பியவர் 125 பேர். பிறர் பிழையாக விளங்கிய ஒரு செய்திக்கு இவர்கள் கொடுத்த விலை இது.

அரசு இத்துயரை வீணாக்கவில்லை. மெனாரின் உருவத்தை ஓவியமாக்கி, பிரெஞ்சு மக்களை உற்சாகப்படுத்தும் சுவரொட்டிகளிலே அச்சிட்டது. பட்டாளமோ புதிதாகக் கட்டப்பெற்று 1944இல் நோர்மண்டியில் இறங்கியது. துரோத்தேவால் பண்ணைக்கான கடும்போரிற் புகழ்பெற்ற டெக்ஸ்றாஸ், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1972இல் கனடாவின் முப்படைத் தலைமைப் பதவியை எய்தினார். அதே பட்டாளத்தை நடத்திய போல் சோவே 1959இற் கியூபெக்கின் முதலமைச்சரானார். பட்டாளம் இன்றும் தொண்டர் படையாகவே மொன்றியலில் இயங்குகின்றது.

மெனார் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். 1980 மே மாதத்தில், கனடாவுடனான உறவை மாற்றி இறைமை நோக்கிப் பேச்சு நடத்தலாமா எனக் கியூபெக் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. மாகாணம் ‘இல்லை’ என்றது. ஒருகாலத்திற் கனடாவுக்காகச் சுவர்தோறும் ஒட்டப்பட்ட முகத்துக்குரிய அக்கிழப் போர்வீரர், ‘ஆம்’ என்போரின் பக்கம் வெளிப்படையாக நின்றார்.