ரிம் பெரிதானால் ரப்பர் குறையும்

தேய்ந்த டயரை மாற்றும் நாள் வரும்போது, பழைய அளவிலேயே புதியதை வாங்குவதா, அகலமான டயரையும் பெரிய அலாய் ரிம்மையும் சேர்த்து மாட்டுவதா என்ற கேள்வி, விரைந்து ஓட்டுவதில் நாட்டமுள்ள கார் உரிமையாளர் அனைவருக்கும் எழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் இரணியலில் இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளமோ விளம்பரப் படங்களோ அல்ல, அவ்வூரின் சாலைகளே ஆகும். இங்குள்ள கார் திங்கள்சந்தை, தக்கலை, குளச்சல் எனக் குறுகலும் வளைவும் நிறைந்த வழிகளில் பெரும்பாலான நாட்களைக் கழித்து, ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலி நோக்கிய நான்குவழிச் சாலையில் ஏறிய பிறகே உண்மையான வேகத்தைக் காண்கிறது. இதற்கு மேல், இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் என ஆண்டுக்கு இரு பருவமழைகளை இம்மாவட்டச் சாலைகள் தாங்குகின்றன.

மாருதி ஸ்விஃப்ட் காரின் உயர் வகைகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்டு வந்த 185/65 ஆர்15 என்ற அளவை எடுத்துக்கொண்டால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரையிலான ரப்பரின் உயரம். ஆர் என்பது உள்நூல்கள் ஆரங்களைப் போல் குறுக்கே ஓடும் ரேடியல் கட்டமைப்பு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இக்கணக்கின்படி பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரும் சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டரும் வருகின்றன. அதே காரின் தொடக்க வகைகளில் வந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர் என்பதைக் கவனித்தால், அளவு மாறினாலும் மொத்த விட்டம் மாறக்கூடாது என்பதைத் தயாரிப்பாளரே எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார் என்பது விளங்கும். விட்டம் மாறினால் வேகமானியின் கணக்கும் கியரின் இழுவையும் சேர்ந்தே மாறுகின்றன.

மொத்த விட்டத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்கும்போது, அதற்கான இடத்தை ரப்பர்தான் விட்டுக்கொடுக்கிறது. 195/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 எனில் 92 மில்லிமீட்டர் மட்டுமே. உயரம் குறைந்த சுவர் வளைவுகளில் குறைவாகச் சாய்வதால் ஸ்டீயரிங் திருப்பியவுடன் கார் திரும்புகிறது என்பது உண்மை; அந்த இன்பத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மழைநீர் நிரம்பி ஆழம் தெரியாத ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது, குழியின் கூரிய விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளிருக்கும் நூல்கள் அறுபடுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ள, பாதி எலுமிச்சம்பழம் ஒட்டியதுபோல் ஒரு புடைப்பு தோன்றுகிறது. அது பஞ்சர் கடையில் சரிசெய்யத்தக்க குறையன்று. வேகத்தில் வெடிக்கக்கூடியது என்பதால் அந்த டயரை உடனே கழற்றிவிட வேண்டும். 120 மில்லிமீட்டர் சுவர் பொறுத்துக்கொள்ளும் பல அடிகளை 92 மில்லிமீட்டர் சுவர் பொறுத்துக்கொள்வதில்லை.

அகலத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருந்து, காற்றழுத்தம் 32 பவுண்டாக இருந்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கையளவு. இப்பரப்பை எடையும் அழுத்தமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன; டயரை அகலமாக்கினால் பரப்பு வெகுவாகக் கூடுவதில்லை, அதன் வடிவமே குறுக்கில் நீண்டு நெடுக்கில் குறுகுகிறது. உலர்ந்த வளைவில் இது நன்மை தரும். நீர் தேங்கிய சாலையிலோ, அகன்ற முகப்பு அதிக நீரை ஒதுக்கியாக வேண்டியிருப்பதால், டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதந்து வழுக்கும் நிலை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.

பிடிப்பைத் தருவதில் அகலத்தைவிட ரப்பர் கலவைக்குப் பங்கு அதிகம். இரணியல் அடங்கிய கல்குளம் வட்டத்திலும் அடுத்துள்ள விளவங்கோட்டிலும் பால் சுரக்கும் ரப்பர் மரங்கள் இதைப் புரிந்துகொள்ள உதவும்: இயற்கை ரப்பர் மடங்கி நிமிரும்போது குறைவாகவே சூடேறுவதால், இடைவிடாது வளையும் பக்கச்சுவரில் அது மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது, தரையைத் தொடும் மேற்பரப்பிலோ, ஈரத்தில் பற்றிக்கொள்ளும் செயற்கை ரப்பரும் சிலிக்கா தூளும் முதலிடம் பெறுகின்றன. ஆகவே 16 அங்குல ரிம்முக்குச் செலவிடும் தொகையில், பழைய அளவிலேயே ஈரப்பிடிப்பு மிக்க உயர்ந்த ரக டயர் நான்கு வாங்குவது இவ்வூர்க் காருக்குக் கூடுதல் பயன் தரும்.

அப்படியும் அளவை மாற்ற விரும்புவோருக்கு, 185/65க்குப் பதிலாக 195/60 ஆர்15 பொருத்தமான ஒரே படி. விட்டம் ஒரு சதவீதம் குறைகிறது, பக்கச்சுவர் 3 மில்லிமீட்டர் மட்டுமே இழக்கிறது, ரிம்மின் விட்டமும் மாறுவதில்லை. ஆனால் இந்த டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் தேவை. ரிம்மில் ஐந்து அங்குல அகலத்தைக் குறிக்கும் 5ஜே எனப் பொறிக்கப்பட்டிருந்தால் அதில் இதை ஏற்றக்கூடாது. அளவுக்குப் பின் வரும் 88எச் போன்ற குறியீட்டில், 88 என்பது ஒரு டயர் தாங்கும் 560 கிலோ எடையையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேக வரம்பையும் குறிக்கின்றன. 205/45 ஆர்17 டயர் பலவற்றில் இந்த எண் 84, அதாவது 500 கிலோ. குடும்பத்தோடும் சுமையோடும் செல்லும் காரில் மூல எண்ணுக்குக் கீழே இறங்குவது ஏற்கத்தக்கதன்று.

சட்டமும் இதில் நுழைகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்பதைக் கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆதலால் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டுள்ள அட்டையிலும் கையேட்டிலும் எந்தெந்த அளவுகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதை, டயர் கடைக்குச் செல்லுமுன் படித்துக்கொள்வது நல்லது. நான்கையும் மாற்றுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஸ்டெப்னி, பின்பெட்டிக்குள் பழைய அளவிலேயே கிடக்கிறது. கீரிப்பாறை மலைப்பாதையில் மழை இரவொன்றில் அதை மாட்ட நேர்ந்தால், ஒரே அச்சில் இரு வேறு விட்டச் சக்கரங்கள் சுழலும் என்பதால், அருகிலுள்ள ஊர்வரை மட்டும் மெதுவாக ஓட்டிவந்து நிறுத்த வேண்டும்.