சப்பாத்திக்குன்னு வாங்கினேன், தட்டைக்கு ஆச்சு: ஒரு டோர்ட்டியா பிரஸ் கதை



இந்த வார எபிசோட்ல, வாங்கிட்டுத் திருப்பி அனுப்பின கேட்ஜெட்களைப் பத்திப் பேசினோம். ஒண்ணை மட்டும் நான் சொல்லாம விட்டுட்டேன். அதுல பேட்டரி இல்ல, ஆப் இல்ல, சார்ஜரும் இல்ல. ரெண்டு தட்டு, ஒரு கைப்பிடி. டோர்ட்டியா பிரஸ்.

போன குளிர்காலத்துல அம்மாவுக்கு வலது மணிக்கட்டுல வலி ஆரம்பிச்சது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கறதால எங்க வீட்ல ராத்திரிக்குத் தினமும் சப்பாத்திதான். அம்மா வலியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சப்பாத்தி மட்டும் நாளுக்கு நாள் தடிமனாயிட்டே போச்சு. அதை வச்சுத்தான் நான் கண்டுபிடிச்சேன்.

உடனே ஆன்லைன்ல தேடினேன். உருண்டையை நடுவுல வச்சு அமுக்கினா வட்டமா வந்துடுது, வீடியோல அவ்ளோ சுலபமா இருந்தது. இருக்கறதுலயே விலை குறைஞ்ச அலுமினியம் பிரஸ்ஸை ஆர்டர் பண்ணிட்டேன்.

கோதுமை மாவு உருண்டையை வச்சு அமுக்கித் திறந்தேன். அப்பளம் சைஸுக்கு விரிஞ்சது, என் கண் முன்னாடியே சுருங்கி வடை மாதிரி ஆயிடுச்சு. இன்னும் அழுத்தினேன், திரும்பவும் சுருங்குச்சு. மூணாவது தடவை முழு பலத்தையும் போட்டேன். கைப்பிடி அடியில மூட்டு இருக்கிற இடத்துல முறிஞ்சு கையோட வந்துடுச்சு.

"விடுடி, நானே தேய்ச்சுக்கறேன்"னு அம்மா அதே வலது கையால சப்பாத்திக் கட்டையை எடுத்தாங்க. பிரஸ் உடைஞ்சதை விட எனக்கு அதுதான் கஷ்டமா இருந்தது.

மறுநாள் ஆபீஸ்ல ஒரு மெக்சிகன் தோழிகிட்ட இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. "கோதுமைக்கா வாங்கின? அது சோளத்துக்குடி!" அப்படிங்கற மாதிரி ஒரு பார்வை.

விஷயம் இதுதான். கோதுமை மாவைப் பிசைஞ்சா குளூட்டன் உருவாகும். அது ரப்பர் மாதிரி, இழுத்தா பழைய இடத்துக்கே திரும்பும். மக்காச்சோள மாவுல அது கிடையாது. அமுக்கினா அமுங்கின இடத்துலயே நிக்கும். வட மெக்சிகோவுல கோதுமை டோர்ட்டியாவும் சாப்பிடுவாங்க. ஆனா அதைக் கட்டையால தேய்ப்பாங்க, இல்லன்னா கையால விரிப்பாங்க. அப்படின்னா என் பிரஸ் மேல தப்பே இல்ல. மாவைத்தான் நான் மாத்திப் போட்டிருக்கேன்.

அவ சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ராத்திரி முழுக்க ஊறவச்சு, தோலை அலசிட்டு அரைப்பாங்க. தாத்தா வெத்தலையில தடவற அதே சுண்ணாம்புதான். அதனால சோளத்துல இருக்கிற பி3 வைட்டமின் உடம்புல சேரும், மாவும் ஒட்டிப் பிடிக்கும். அந்த மாவுக்குப் பேர் மாசா. அந்தக் காலத்துல அதை அரைச்ச கல்லு மெத்தாத்தே, பார்த்தா நம்ம அம்மிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். சுடற கல்லு கோமால், நம்ம தோசைக்கல்லேதான்.

நாங்க இருக்கிற அரோராவுல பாலாஜி கோயிலும் உண்டு, மெக்சிகன் கடைகளும் நிறைய உண்டு. அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே ஒரு கடைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை எதை எடுக்கறதுன்னு அவங்க கைதான் முடிவு பண்ணுச்சு.

நாங்க பார்த்துக் கத்துக்கிட்டது:

எடை: வார்ப்பிரும்பு கனமா இருக்கும், ஆனா பாதி வேலையை அந்தக் கனமே செஞ்சுடும். எட்டு இஞ்ச் தட்டுன்னா சுமார் மூணு கிலோ வரும். அலமாரியில வச்சுத் தினமும் தூக்கி இறக்கறதா இருந்தா மணிக்கட்டுக்கு அதுவே வினை. அடுப்பு மேடையில நிரந்தரமா இடம் இருந்தா மட்டும் வாங்குங்க. அலுமினியம் லேசு, ஆனா நாமதான் அழுத்தணும். மரப் பிரஸ் அழகா இருக்கும், பெருசாவும் கிடைக்கும். தண்ணியில ஊறவச்சா வளைஞ்சுடும்.

கைப்பிடி: அது ஒரு நெம்புகோல். நீளம் கூடக் கூட நம்ம பலம் குறைவாப் போதும். கடையிலயே நாலு தடவை தூக்கி இறக்கிப் பாருங்க. மூட்டுல இருக்கிற ஆணி ஆடினா அதை அங்கயே விட்டுட்டு வாங்க.

தட்டு: மூடிட்டுப் பக்கவாட்டுல பாருங்க. இடைவெளி இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கணும். ஆறு இஞ்ச் டோர்ட்டியாவுக்கு எட்டு இஞ்ச் தட்டு தாராளம்.

வார்ப்பிரும்பைத்தான் எடுத்தோம். கழுவினதும் துடைச்சு எண்ணெய் தடவணும்னு அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல. "தோசைக்கல்லு மாதிரிதானே"ன்னு முடிச்சுட்டாங்க.

கடையில விக்கற மாசா மாவு ரெண்டு கப், வெதுவெதுப்பான தண்ணி ஒன்றரை கப், கொஞ்சம் உப்பு. பிசைஞ்சு பதினஞ்சு நிமிஷம் மூடி வைங்க. உருண்டையை அமுக்கும்போது ஓரம் வெடிச்சா தண்ணி பத்தல, கையில ஒட்டினா அதிகம். ஜிப் வச்ச ஃப்ரீசர் பையை ரெண்டா வெட்டி மேலயும் கீழயும் போடுங்க. உருண்டையை நட்டநடுவுல வைக்காம, கீல் பக்கம் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒரு தடவை அமுக்கி, அரை வட்டம் திருப்பி, மறுபடி லேசா அமுக்கினா கனம் சமமா வரும்.

தீபாவளிக்கு அம்மா தானாவே பிரஸ்ஸை முன்னாடி இழுத்து வச்சாங்க. தட்டை மாவை உருட்டிப் போட்டு அமுக்கினாங்க. அரிசி மாவுல குளூட்டன் இல்லையே! முதல் தட்டை ரொம்ப மெலிசாப் போய் எண்ணெயில கருகிடுச்சு. அப்புறம் ஒரு விரல் பலம் மட்டும் குடுத்தாங்க, முள்கரண்டியால குத்தி விட்டாங்க. ஒரு டப்பா நிறைய, எல்லாமே ஒரே சைஸ். மணிக்கட்டைப் பத்தி அன்னிக்கு அவங்க பேசவே இல்ல. ஆனா இந்தத் தடவை மறைச்சுப் பேசாம இருக்கல.

அப்போ சப்பாத்தி? அதுக்கு மெஷின் கிடைக்கல. திங்கள், புதன், வெள்ளி அப்பா தேய்க்கறார். மத்த நாள் நான். வட்டமா வரல, ஆஸ்திரேலியா மாதிரி வருது. அம்மா உட்கார்ந்து குறை சொல்லிக்கிட்டே சாப்பிடறாங்க.

உங்க வீட்ல யாருக்காவது ஒரு கேட்ஜெட் வாங்கறதுக்கு முன்னாடி, அதைப் பிடிக்கப் போற கையை ஒரு தடவை கேட்டுடுங்க. நீங்க ஏதாவது வாங்கி, அது வேற எதுக்கோ உதவின கதை இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறோம்.