உங்களுக்குத் தெரியுமா? படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் கதை

சின்னப் பாய்மரப் படகிலும் இன்று ஜிபிஎஸ், ஆழமானி, காற்றுமானி, விஹெச்எஃப் வயர்லெஸ் என்று பல கருவிகள் உண்டு. தனித்தனியே இருந்தால் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை மட்டும் காட்டும். ஒரே வலையில் இணைத்தால், ஒன்று அறிந்தது எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். அந்த வலையைப் பற்றிச் சில தகவல்கள்:

● பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் காற்றுமானிக்கு உண்மையான காற்று எது என்று தெரியாது! காற்றே இல்லாத நேரத்தில் படகு 5 நாட் வேகத்தில் போனால், எதிரே 5 நாட் காற்று அடிப்பதாகவே அது காட்டும். படகின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மைக் காற்று கிடைக்கும். கருவிகளை இணைப்பதன் முதல் பயன் இதுதான்.

● அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் (என்எம்இஏ) 1957இல் தொடங்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசுவதற்காக 1983இல் அது வெளியிட்ட விதிமுறையின் பெயர் என்எம்இஏ 0183. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

● அந்த மொழியின் பெரும்பாலான வாக்கியங்கள் டாலர் குறியில் தொடங்கும். ஒரு வாக்கியம் 82 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. நட்சத்திரக் குறிக்குப் பின் வரும் இரண்டு எழுத்துகள், வழியில் எதுவும் சிதையவில்லையா என்று சரிபார்க்க உதவும். கணக்குப் பொருந்தாவிட்டால் கேட்கும் கருவி அந்த வாக்கியத்தை ஒதுக்கிவிடும்.

● பழைய முறையில் ஒரு கம்பியில் ஒரு கருவிதான் பேசலாம். மற்றவை கேட்க மட்டுமே முடியும். வேகம் நொடிக்கு 4,800 பிட். 2001இல் வந்த என்எம்இஏ 2000 முறையில் எல்லாக் கருவிகளும் ஒரே கம்பியில் பேசும், கேட்கும். அதன் வேகம் நொடிக்கு 2,50,000 பிட்.

● இந்தப் புதிய முறைக்கு அடித்தளம் கடலில் பிறக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்காக ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கி, 1986இல் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற தொழில்நுட்பமே அது.

● இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு செய்திக்கும் முன்னுரிமை எண் உண்டு. சிறிய எண்ணுக்கே முதலிடம். ஊர்க் கூட்டத்தில் பெரியவர் வாய் திறந்ததும் இளையவர் நிறுத்திக்கொள்வதைப் போல, மற்றக் கருவி அந்தக் கணமே அடங்கி, பிறகு தன் செய்தியை அனுப்பும். இரண்டு செய்திகளில் எதுவும் அழிவதில்லை.

● நடுவே ஒரு முதுகெலும்புக் கேபிள். அதிலிருந்து ‘டி’ வடிவ இணைப்பிகள் வழியாகக் கிளைக் கேபிள்கள். வலையின் அமைப்பு இவ்வளவுதான். கிளை ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லாக் கிளைகளின் மொத்த நீளம் 78 மீட்டரைத் தாண்டக் கூடாது. மெல்லிய கேபிள் என்றால் முதுகெலும்பு 100 மீட்டர் வரை போகலாம். ஒரு வலையில் 50 கருவிகள் வரை இணைக்கலாம். ஒரு கிளையைக் கழற்றினாலும் மற்றக் கருவிகள் நிற்காமல் வேலை செய்யும் என்பதே இந்த அமைப்பின் அழகு.

● முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடையுள்ள டெர்மினேட்டர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். சரிபார்ப்பது எளிது: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிளுக்குள் தகவல் செல்லும் வெள்ளை, நீலக் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை. 40 என்றால் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

● கேபிளுக்குள் ஐந்து கம்பிகள்: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு, இரைச்சலைத் தடுக்கும் உறை ஒன்று. சிறிய கருவிகளுக்கான மின்சாரமும் அதே கேபிளில் வருவதால் தனி வயர் இழுக்க வேண்டியதில்லை. சின்ன வலைக்கு 12 வோல்ட் மின்சாரத்தை ஒரே இடத்தில், ஃபியூஸ் வழியாகக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு கருவிக்கும் ‘லென்’ என்ற எண் உண்டு. 1 லென் என்றால் 50 மில்லி ஆம்பியர். எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்து ஃபியூஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

● தானியங்கிச் சுக்கானுக்கு வழி சொல்லும் மின்னணுத் திசைகாட்டியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பொருத்தினால் படகு தவறான திசையில் போகலாம். ஒலிபெருக்கியின் காந்தமே காரணம். இரும்புச் சாமான்களும் அதிக மின்சாரம் ஓடும் கம்பிகளும்கூட அதைத் திசைதிருப்பும்.

● பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை ஏஐஎஸ் என்ற முறையில் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் அறிவித்துக்கொண்டே போகின்றன. அதை வாங்கும் ரிசீவரை வலையில் சேர்த்தால், நம் படகும் அந்தக் கப்பலும் எவ்வளவு நெருங்கும், எப்போது நெருங்கும் என்று வரைபடத் திரை முன்கூட்டியே சொல்லிவிடும். இரவில் தனியாகச் சுக்கான் பிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

● உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கணினி ஒன்றே படகின் தகவல் மையமாகலாம். தகுந்த இணைப்புக் கருவியோடு சிக்னல் கே என்ற திறந்த மூல மென்பொருளை அதில் நிறுவினால், ஆழமும் காற்றும் வேகமும் வைஃபை வழியாகக் கைப்பேசித் திரையிலேயே தெரியும்.

● டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்பு வசதியுள்ள விஹெச்எஃப் வயர்லெஸில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆபத்தில் அதை அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணோடு உதவி கோரும் செய்தி போகும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். ஆனால் படகு எங்கே இருக்கிறது என்பதை வயர்லெஸ் தானாகச் சொல்ல, அதற்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலை வழியாக ஜிபிஎஸ் தகவல் வர வேண்டும்.

● ஆகவே, வலை அமைக்கத் தொடங்குபவர் பளபளக்கும் பெரிய திரைக்கு முன்பு செய்ய வேண்டிய இணைப்பு, ஜிபிஎஸ்ஸிலிருந்து வயர்லெஸுக்குப் போவதுதான். கரையை விட்டுக் கிளம்புமுன் வயர்லெஸின் திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தெரியாவிட்டால் அதைச் சரிசெய்த பிறகே நங்கூரத்தை எடுங்கள்.