சாரணர் படைக்கு ஒரு டேட்டாபேஸ்: நோட்டிலிருந்து மொபைலுக்கு மாறுவது எப்படி?

தென்காசி, செங்கோட்டை பக்கம் படித்துவிட்டு இன்று சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு, ஊருக்குப் போகும்போது பழைய பள்ளியிலிருந்து ஒரு வேண்டுகோள் வரலாம். "நம்ம சாரணர் படை ரெக்கார்டு எல்லாம் நோட்டுலதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர முடியுமா தம்பி?"

கேட்க எளிய வேலைதான். ஆனால் எந்த சாஃப்ட்வேர், எதைப் பதிவது, எதைப் பதியவே கூடாது என்று தெரியாமல் இறங்கினால் இரண்டே மாதத்தில் எல்லோரும் நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

பதிவேடு ஏன் இவ்வளவு முக்கியம்?

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு மாணவர் படிப்படியாகத்தான் மேலே போக முடியும். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், அடுத்து ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார், உச்சியில் குடியரசுத் தலைவர் விருதான ராஷ்டிரபதி. ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தபட்ச கால இடைவெளி உண்டு. எந்தத் தேதியில் எந்தப் படியை முடித்தார் என்ற குறிப்பு இல்லையென்றால் அடுத்த படிக்கு விண்ணப்பிப்பதே சிக்கல்.

பள்ளியை விட்ட பிறகும் இந்தத் தேதிகள் தேவைப்படும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த அறிவிக்கைகள் வழக்கமாகக் கேட்பவை: ராஷ்டிரபதி விருது அல்லது ஹிமாலய உட் பேட்ஜ், குறைந்தது 5 ஆண்டுகள் இயக்கத்தில் தொடர்ந்து செயல்பட்டதற்கான சான்று, மாநில அளவில் 2 நிகழ்வுகள், தேசிய அல்லது அனைத்திந்திய ரயில்வே அளவில் 2 நிகழ்வுகள். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்போரிக்குப் போய் வந்த ஒரு மாணவருக்கு, சில ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரிப் பதிவு வேலை வாய்ப்பையே தீர்மானிக்கலாம். நோட்டு கரையான் அரித்துப் போனால்?

எந்த சாஃப்ட்வேர்?

தேடினால் முதலில் வருபவை அமெரிக்காவின் ஸ்கவுட்புக், பிரிட்டனின் ஆன்லைன் ஸ்கவுட் மேனேஜர். இரண்டும் நல்லவைதான். ஆனால் அந்தந்த நாட்டின் பேட்ஜ் முறைக்காக உருவானவை. நம் சோபான் படிகளுக்கு அவை பொருந்தாது.

நான்கு அணிகள், 32 மாணவர்கள் என்ற அளவுள்ள ஒரு படைக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். இணையம் வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க். இரண்டுக்கும் காசு கிடையாது. சாரண ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவர் திறந்து பார்க்க முடியும் என்பதுதான் பெரிய லாபம். பள்ளியின் பொது மின்னஞ்சலில் ஃபைலைத் தொடங்குங்கள். ஒருவரின் சொந்த ஐடியில் தொடங்கினால் அவரோடு அதுவும் போய்விடும்.

மூன்று ஷீட் போதும்

• உறுப்பினர்: வரிசை எண், பெயர், இனிஷியல், பிறந்த தேதி, வகுப்பு, அணி, சேர்ந்த தேதி.

• முன்னேற்றம்: ஒரு மாணவர் ஒரு படியை முடித்தால் ஒரு வரி. வரிசை எண், படி, முடித்த தேதி, தேர்வு செய்தவர், சான்றிதழ் எண். முகாம், ஜாம்போரி பங்கேற்பும் இதே ஷீட்டில்தான்.

• வருகை: வாராந்திரக் கூட்டத்துக்கு வந்தவர்கள். இதை அணித் தலைவர்களே மொபைலில் டிக் செய்யலாம்.

மூன்றையும் இணைப்பது வரிசை எண். பெயரை வைத்து இணைத்தால் ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தேதி: 05/06/2013 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஷீட்ஸ் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் தட்டச்சு செய்யவே தொடங்க வேண்டும்.

எழுத்துரு: பழைய ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அப்படியே ஒட்டினால் எழுத்து குப்பையாகும், தேடவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

மாவட்டம்: தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முந்தைய சான்றிதழ்களில் திருநெல்வேலி என்றுதான் இருக்கும். அதைத் 'திருத்தி' எழுதக் கூடாது. சான்றிதழில் உள்ளபடியே பதிய வேண்டும்.

குற்றாலம் முகாம் என்றால் தனிப் பட்டியல்

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தருவிப் பக்கமோ செண்பகாதேவிப் பக்கமோ மாணவர்களை அழைத்துப் போகும் எவருக்கும் அவசர நேரத்தில் வரும் முதல் கேள்வி "எத்தனை பேர் வந்தோம், இப்ப எத்தனை பேர் இருக்கோம்?" என்பதுதான்.

அதனால் ஒவ்வொரு முகாமுக்கும் தனியாக ஒரு பட்டியல் எடுங்கள். பெயர், அணி, பெற்றோரின் இரண்டு போன் எண்கள், ரத்த வகை, ஆஸ்துமா, ஒவ்வாமை, நீச்சல் தெரியுமா. ஷீட்ஸ் ஆப்பில் அந்த ஃபைலை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே செட் செய்ய வேண்டும். காட்டுக்குள் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கூடவே இரண்டு பிரிண்ட் எடுத்து, நனையாத கவரில் போட்டு, வெவ்வேறு ஆசிரியர்களின் பையில் வையுங்கள். சாரலில் மொபைல் நனைந்தாலும் பேப்பர் கைகொடுக்கும்.

பிள்ளைகளின் தகவல், கவனம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ன்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தை. அவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

அப்படியென்றால் 5 ஆண்டுப் பதிவை எப்படி வைத்திருப்பது? இதற்காகத்தான் ஷீட்டுகள் தனித்தனியாக இருக்க வேண்டும். முன்னேற்றப் பதிவு மாணவருக்கே பிற்காலத்தில் தேவை, அது இருக்கட்டும். உடல்நலத் தகவலுடன் கூடிய முகாம் பட்டியலை முகாம் முடிந்து எல்லோரும் வீடு சேர்ந்ததும் அழித்துவிடலாம். எதற்காக, எவ்வளவு காலம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

• ஆதார் எண்ணை வாங்காதீர்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.
• 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வசதியை ஆஃப் செய்யுங்கள்.
• பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். போட்டால் திரும்பப் பெற வழியில்லை.
• அணித் தலைவருக்கு வருகை ஃபைல் மட்டும் போதும். அதைத் தனி ஃபைலாகவே வையுங்கள்; ஒரே ஃபைலைப் பகிர்ந்தால் எல்லா ஷீட்டும் அவர் கண்ணில் படும்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இருபது வருட நோட்டையும் ஒரே மூச்சில் ஏற்ற நினைத்தால் வேலை முடியாது. இப்போது படையில் இருப்பவர்களை மட்டும் ஒரு சனிக்கிழமையில் ஏற்றுங்கள். அடுத்த மூன்று மாதம் நோட்டும் ஷீட்டும் இணையாக ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, சிஎஸ்வி ஃபைலாக ஒரு பிரதியை பென்டிரைவில் போட்டு தலைமை ஆசிரியர் அறையில் வையுங்கள். ரயில்வே அறிவிக்கை வரும்போது சான்று கேட்டு வரப்போகும் பழைய மாணவர்களின் பக்கங்களை அடுத்து ஏற்றலாம். மற்றவை மெதுவாக வரட்டும். நோட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அசல் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.