ஊர் திரும்பிய சபுராளிக்கு சிபில் சிக்கல்

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுப் பழவேற்காடு திரும்பும் சகோதரர் வங்கிக்குப் போனால், 'சிபில் ஸ்கோர் இல்லையே' என்கிறார்கள். அங்கே ஒழுங்காகக் கட்டிய கடன் இங்கே பதிவாகாது. 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண் இந்தியக் கணக்குகளைத்தான் பார்க்கும்.

முதலில் என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். வாங்கிப் பாருங்கள். பயணம் போகும்போது விட்டுப்போன பாக்கியும், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில்தான் நிற்கும். தவறான பதிவென்றால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று விழும், அது கறைதான்.

வட்டி நமக்கு ஹராம். கிரெடிட் கார்டுத் தொகையைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டினால் வட்டி வராது, ஸ்கோரும் ஏறும். ஆனால் ஒப்பந்தத்திலேயே வட்டி ஷரத்து இருப்பதால் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கார்டு வாங்குமுன் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.