பெட்டியில் உறங்கும் கிதாபுகளும் அசையும் பக்கங்களும்

ஆய்க்குடி, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் துணியில் பொதிந்து பெட்டிகளில் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எடுத்து முத்தமிட்டு மீண்டும் வைப்போர் பலர். விரித்து ஓதத் தெரிந்தோர் மிகச் சிலர். மதிப்பு எஞ்சி, வாசிப்பு மறைந்த நிலை இது. இத்தகைய நூல்களுக்குக் காட்சிக் கலை துணைசெய்யக்கூடுமா?

பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் ஒரு முன்மாதிரியை அளித்தது. 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான, பெரும்பாலும் எவரும் கேட்டு வாங்காத ஏறத்தாழ 65,000 நூல்தொகுதிகள் முன்னரே மின்பதிவு செய்யப்பட்டிருந்தன. அவற்றின் பக்கங்களிலிருந்து ஓவியங்கள், வரைபடங்கள், ஓர அணிகள் ஆகியவற்றைக் கணினி நிரல் பிரித்தெடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என நூலகம் அறிவித்தது. டேவிட் நார்மல் என்னும் அமெரிக்க ஓவியர் அவற்றை வெட்டி இணைத்து, கொலாஜ் எனப்படும் ஒட்டுச் சித்திரங்களாக்கினார். 2014இல் நெவாடா பாலைவனத்துப் பர்னிங் மேன் விழாவில் ஒளிர்ந்த அவை, மறு ஆண்டு நூலக முற்றத்துக்கே வந்து சேர்ந்தன. இதில் நாம் கருதத்தக்கது வேறொன்று: ஒவ்வொரு படத்துடனும் அது இருந்த நூலின் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் தரப்பட்டிருந்தன. படத்தைக் கண்டவர் நூலுக்குத் திரும்ப வழி இருந்தது.

உருவப்படம் பற்றிய தயக்கம் நம்மவர்க்கு எழுவது இயல்பே. ஹரீரியின் மகாமாத்தை நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கிறோம். அதனை யஹ்யா அல்வாஸிதீ ஹிஜ்ரி 634இல் (1237) படங்களுடன் எழுதிய பிரதி பாரிஸில் இருப்பதை மாணவர்க்குச் சொல்வதில்லை. உயிருள்ளவற்றை வரைவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்துக்கும் இலைக்கும் கப்பலுக்கும் அத்தடை இல்லை. அரபுத் தமிழ்க் கிதாபுக்கு அவையே போதுமான செல்வம். காதிபின் கையெழுத்து அப்படியே கல்லச்சில் இறங்கியிருக்கும். ஓரங்களில் கொடிகள் படரும். சாய்வாக விளக்கவுரை ஓடும். அனிமேஷனில் அவ்வுரையைத் தனியே நகர்த்தி, மூலத்தின் உரிய வரியருகே நிறுத்தலாம். நூனின் கீழே ஒரு புள்ளி வந்தமர்ந்து அது ணகரமாவதை அரை நிமிடத்தில் காட்டலாம். கரும்பலகையில் அதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை ஆகிறது!

சட்டத் தடையும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ஆக்கங்கள் என்றோ அந்நிலையை எய்திவிட்டன.

ஆனால், கத்தரியை மூலத்தாளின் மீது வைக்கலாகாது. முதலில் முழு நூலையும் அட்டை முதல் அட்டை வரை மின்பதிவு செய்தல் வேண்டும். வெட்டலும் ஒட்டலும் அந்நகலிலேயே. அதற்கும் முன், இராகமிட்டு ஓதத் தெரிந்த மூதாட்டிகளின் குரலைப் பதிவுசெய்வது அவசரம். தாள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும்.